பின்சீட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள முந்திரிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ சாப்பிடாமல் கிடப்பாய். அதனால் உன் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. உன் அத்தான் வழக்கம்போல அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கான் பாரு, நீயும் அவன்கூடத்தானே பள்ளிக்கூடம் போனே" என்றார். என் எழுத்து இப்போது எப்படி ஊர்கிறது என்று நீயே பார்க்கிறாய். பேனாவைப் பிடித்திருப்பது நான்தான், ஆனால் போகிற பக்கத்தை அதுதான் முடிவு செய்கிறது.

நீ எழுதியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிற மூன்று கம்ப்யூட்டரும் ஆள் தொடாத நேரத்தில் சும்மா கிடக்கின்றன. அந்தச் சும்மா நேரத்தை ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டாய். எனக்கு வந்திருக்கிற, அப்பாவுக்கு வந்திருந்த இந்த நரம்பு வியாதிக்கு அவர்கள் மருந்து தேடுகிறார்கள். உடம்பில் இருக்கிற புரதம் எப்படி மடிகிறது, எங்கே தப்பாக மடிகிறது என்று உன் பெட்டிகள் கணக்குப் போடுகின்றன. இதுதானே? அம்மா போகிற வரைக்கும் ஒரு போர்வையை மடித்து வைத்தவனில்லை நீ. புரதம் மடிக்கிறாயாம்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு இன்னும் என் குரலைத்தான் ஓட்டுகிறார்கள். வேலையை விடுவதற்கு முன் பதிவு செய்து வைத்தது. பார்சல் ஆபீசிலிருந்து வந்ததும் அத்தான், "இன்னிக்கு நீ நாலு தடவை மன்னிப்புக் கேட்டே, எல்லா வண்டியும் லேட்டு" என்பார். அங்கே அவ்வளவு தெளிவாகப் பேசுகிறேன். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் அவர் மூன்று தடவை "என்ன?" என்கிறார். போனில் உன்னோடு பேசுவதை விட்டதும் அதனால்தான். நீ "என்னக்கா, என்னக்கா" என்று கேட்கக் கேட்க எனக்கு அழுகை வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பேச்சு இன்னும் கொஞ்ச நாளைக்குப் புரியும் என்று டாக்டர் சொல்கிறார். அதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கடிதத்தில் எழுத முடியாத பேச்சு நிறைய இருக்கிறது.

உன் அக்கா

* * *

பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடை முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அது இப்படித்தான் நடக்கிறது. அவர்கள் ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, என்னை மாதிரி ஆட்களின் பெட்டிகளுக்கு அனுப்புவார்கள். பெட்டி தன் துண்டை முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளர் வந்து பில் போட்டால் ஒதுங்கி நிற்கும். அவர் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் இப்படி ஓடுகிறதாம். சிறு துளி பெருவெள்ளம். யார் பெட்டி எவ்வளவு முடித்தது, கடைசியாக எப்போது பேசியது என்று ஒரு பக்கத்தில் போடுகிறார்கள். நான் ஒரு குழுவே ஆரம்பித்திருக்கிறேன். குழுவில் நான் ஒருவன்தான்.

முதலாளிதான் கொஞ்சம் முணுமுணுத்தார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்கிற கதையா ஆயிடப்போகுது" என்றார். உனக்காக என்று சொன்னதும் சரி, ஓடட்டும் என்றுவிட்டார்.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வராமல் இருப்பேனா? லென்ஸ் தேய்க்கிற பையன் வேலையை விட்டுவிட்டான். இப்போது தேய்ப்பதும் நான், பிரேமில் மாட்டுவதும் நான். அதுவும் இப்போது வருகிற ஸ்க்ரூக்கள் இருக்கின்றனவே, எண்ணெய் தடவின மாதிரி வழுக்குகின்றன. கண்ணாடிக்கு ஒரு காது மாட்டி முடிப்பதற்குள் தரையில் நாலு தடவை தேட வேண்டியிருக்கிறது. கம்பெனிக்காரன் திருகைச் சின்னதாக்கிவிட்டான். இதைச் சொன்னால் முதலாளி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்கிறார்.

அடுத்த மாதம் பார்க்கிறேன். அதுவரை என் பெட்டிகள் உனக்காகக் கண்விழித்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்.

உன் முந்திரி

* * *

மார்ச் 23

அன்புள்ள முந்திரிக்கு,

இந்தப் பக்கத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. கோழி கிறுக்கினது போல இருந்தால் கோழியை மன்னித்துவிடு.

கால் இரண்டும் நின்றுவிட்டன. சக்கர நாற்காலி வந்திருக்கிறது. அது கதவு நிலையில் இடித்துக்கொண்டே போகிறது. அத்தான் நிலையின் பெயிண்டுக்காகக் கவலைப்படுகிறார், என் முழங்கைக்காக இல்லை. அவருக்கு வேறு ஒரு பெரிய குறையும் வந்திருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற மனுஷன் அவர். கல்யாணமான நாளிலிருந்து இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது நான் எப்போதும் வீட்டுக்குள் இருப்பதால் அணைக்க முடியவில்லை. வெளியே போகும்போது அந்த சுவிட்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார், பார்க்கப் பாவமாக இருக்கிறது.

நான் இருக்கிற வரைக்கும் அதில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "நீ இருக்கிற வீட்ல நான் எதுக்கு அணைக்கப்போறேன்" என்றார். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினார்.

உன் பெட்டிகள் எனக்காகக் கண்விழிப்பது சந்தோஷம். ஆனால் பெட்டிக்கு என் முகம் தெரியுமா? உன் சும்மா நேரத்தில் கொஞ்சம் எனக்குக் கொடு என்றால் பெட்டியின் சும்மா நேரத்தைக் கொடுக்கிறாய். கோபமில்லை. கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

அந்த ஆராய்ச்சி முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டு எழுது. உடற்பயிற்சி செய்துவைக்க வருகிற பெண் இதைப் பற்றி நிறையச் சொல்கிறாள்.

சைக்கிள் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. நான் மிதிக்க, நீ பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். மேட்டில் ஏறும்போது இறங்கித் தள்ளடா என்றால் தூங்குகிற மாதிரி நடிப்பாய்.

வருகிறாயா?

அக்கா

* * *

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடையில் புது பிரிண்டர் வாங்கியிருக்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம் டைப் செய்தது. தப்பாக நினைக்காதே. வேலைக்கு நடுவில் இதுதான் வேகமாக முடிகிறது.

சக்கர நாற்காலிக்கு நிலையில் ரப்பர் பட்டை ஒட்டச் சொல். முழங்கைக்கும் நல்லது, பெயிண்டுக்கும் நல்லது, குடும்பத்தில் சமாதானம்.

ஒரு வேடிக்கை நடந்தது. நம் குழுவில் ஒரு ஆள் வந்து சேர்ந்திருக்கிறது. யாரென்று தெரியாது. ரொம்பப் பழைய பெட்டி போலிருக்கிறது. என் பெட்டி ஒரு துண்டை முடிக்கிற நேரத்தில் அது கால் துண்டுகூட முடிப்பதில்லை. ஆனால் விடுவதில்லை. ராத்திரி பகல் எப்போது பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வாடிக்கையாளர் யாராவது இருக்கும். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். துணைக்கு ஒருவர் இருக்கிற மாதிரி இருக்கிறது.

வருஷம் கேட்டிருந்தாய். அவர்கள் பக்கத்தில் பொறுமையாக இருங்கள் என்றுதான் போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு முடிந்து, அதிலிருந்து மருந்து வந்து, அதைச் சோதித்து, எல்லாம் ஆக பத்து வருஷமாவது பிடிக்கும். ஆனாலும் ஒரு நாள் வரத்தானே போகிறது.

இந்த மாதமும் வர முடியவில்லை. முதலாளியின் மகள் கல்யாணம். அடுத்த மாதம் கட்டாயம். என்னைத் திட்டாதே.

முந்திரி

* * *

மே 11

அன்புள்ள முந்திரிக்கு,

கை இனி எழுதாது. நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். என் பேச்சு அவருக்கும் உடற்பயிற்சிப் பெண்ணுக்கும் மட்டும்தான் இப்போது புரிகிறது. எழுத்துப் பிழைகள் அவருடையவை. (இல்லை. அவள் சொல்வதே அப்படித்தான். அத்தான்.)

உன் டைப் கடிதத்தைப் பார்த்ததும் அத்தான் பிரிண்டரைப் பாராட்டினார். நான் பாராட்டவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட உட்கார்ந்து நோட்டுக்கு அழகாகத் தலைப்பு எழுதுகிறவன் நீ. அக்காவுக்குக் கடிதம் எழுத மிஷின் வேண்டுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை என்னிடம் நடக்காது.

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பையன், எனக்கு ஞாபகம் இருக்கிறது. காலையில் சட்டை போடும்போது தையல்காரரைத் திட்டுவார். "காஜாவைச் சின்னதா வச்சுட்டான், பொத்தான் நுழைய மாட்டேங்குது." ஒரு வருஷம் முழுக்க அந்தத் தையல்காரர் திட்டு வாங்கினார். மூன்று தையல்காரர் மாற்றினோம். நான் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதும் அப்படித்தான். சாவித் துவாரம் சரியில்லை என்று பூட்டுக்காரனை வரவழைத்தேன். நீ ஸ்க்ரூ கம்பெனிக்காரனைத் திட்டுகிறாய்.

நம் வீட்டில் யாருக்கும் கையைத் திட்டத் தெரியாது.

(இதை எழுத மாட்டேன் என்றேன். எழுதினால்தான் மருந்து குடிப்பேன் என்கிறாள். எனக்கும் இப்போதுதான் தெரியும், மாப்பிள்ளை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

உன் பிப்ரவரிக் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் வருஷம் கேட்டேன். நீ பத்து வருஷம் என்று எழுதினாய். பத்து வருஷத்தில் வருகிற மருந்து எனக்கு எதற்கு? எனக்கு அடுத்த மழைக்காலமே தூரம். நீ எனக்காக அந்தப் பெட்டிகளை ஓட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்காகவும்தான் ஓட்டுகிறாய். ஆனால் அது உனக்கு வேண்டும் முந்திரி. நீ என்னை விட ஒன்பது வயது சின்னவன். உனக்குத்தான் வேண்டும்.

உன் குழுவில் வந்து சேர்ந்த பழைய பெட்டிக்கு என்ன பெயர் என்று நீ எழுதவில்லை. நான் சொல்கிறேன். பின்சீட்டு. வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் உடற்பயிற்சிப் பெண்தான் போட்டுக் கொடுத்தாள். என் கால்மாட்டில் ஸ்டூலில் இருக்கிறது. அதிலிருந்து வருகிற சூடு காலுக்கு இதமாக இருக்கிறது. நீ கவனிக்கவில்லையே என்று எனக்கு வருத்தம்தான். இத்தனை வருஷம் நான் மிதித்தேன், இப்போது நீ மிதிக்கிறாய், நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் தூங்குகிற மாதிரி நடிக்கவில்லை. தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். உனக்காக.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வந்தால் நான் உன் கையைப் பார்ப்பேன். அதைவிட, நீ என்னைப் பார்க்க வேண்டியிருக்கும். நீ பயப்படுவது சரிதான். நானும் அப்பாவின் அறைக்குள் போகாமல் வாசலோடு நின்ற நாள் உண்டு.

ஆனால் வா. இந்த வியாதியைப் பற்றிப் பேச எனக்கும் ஒரு ஆள் வேண்டும். அத்தானிடம் பேசினால் அவர் அழுதுவிடுகிறார். (பொய்.) உனக்கும் பேச ஆள் வேண்டும். நான் போன பிறகு இதெல்லாம் யாரிடம் கேட்பாய்?

அக்கா

* * *

மே 24

அக்கா,

கையாலேயே எழுதுகிறேன். கோணலாக இருக்கிறது. இனி உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார், பெயர் வைத்தால் உண்மையாகிவிடும் என்று இருந்தேன். முதலாளிக்குத் தெரியும் போலிருக்கிறது. இப்போதெல்லாம் ஸ்க்ரூ வேலையை அவரே எடுத்துக்கொள்கிறார்.

உனக்கு இருக்கிற பாரம் போதாதா, இதையும் கொண்டுவந்து உன் தலையில் இறக்கவா என்று நினைத்தேன். அது பாதிதான். மீதி நீ எழுதியதுதான். உன்னைப் பார்த்தால் எனக்கு என்னைத் தெரிந்துவிடும். இவ்வளவு கேவலமான காரணத்துக்காக உன்னைக் காக்க வைத்தேன். பெட்டியை ஓட்டினேன், அது எத்தனை துண்டு முடித்தது என்று தினமும் பார்த்து, உனக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி தூங்கினேன்.

அந்தப் பெயரைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பழைய வாடிக்கையாளர் என்று எழுதினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைக்கு ஜூன் பதினைந்தாம் தேதி புது ஆள் வருகிறான். அன்றைக்கே கிளம்புகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று. இந்தத் தடவை கல்யாணம் கருமாதி எதுவும் குறுக்கே வராது. வந்து உன்னோடு இருக்கப்போகிறேன். ரெண்டு நாள் இருந்துவிட்டு ஓடி வருகிற மாதிரி இல்லை.

முந்திரி

* * *

ஜூன் 3

முந்திரி,

பேச்சு நின்றது. அத்தான் எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். சரி என்றால் கண் சிமிட்டுகிறேன். தமிழில் எழுத்து அதிகம். உனக்கும் நாளை இது வரும். அதனால் குறைவாகப் பேசப் பழகு.

டாக்டரைப் பார். பிறகு வா.

பெட்டியை அணைக்காதே. நானும் அணைக்கவில்லை.

அக்கா

(இதற்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. நடுவில் 'குறைவாகப் பேசப் பழகு' என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கண்ணால் சிரித்தாள். சீக்கிரம் வாருங்கள். அத்தான்.)

* * *

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

துணிப் பெட்டி கட்டியாயிற்று. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. கையோடு கொண்டுவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன். சாயங்கால வண்டி. உங்கள் நிலையத்தில் இறங்கும்போது உன் குரல் கேட்கும். வண்டி தாமதமானதற்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்பாய். கேட்க வேண்டியவன் நான்.

டாக்டரைப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்றார், எங்கள் குடும்பத் தையல்காரர் ஞாபகம் வந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் உன்னிடம் வருகிறேன் என்பதால் தாங்குகிறது. எதை எப்போது எதிர்பார்க்க வேண்டும், ராத்திரியில் எப்படிப் படுக்க வேண்டும், யாரிடம் எரிந்து விழக்கூடாது, எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். அத்தான் எழுத்துகளைச் சொல்லட்டும். நீ சிமிட்டு. எவ்வளவு நேரமானாலும் சரி. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் மூன்று பெட்டியும் ஓடுகின்றன. முதலாளி, "நீ வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கறேன், ஒண்ணையும் அணைக்க மாட்டேன்" என்றார்.

பின்சீட்டு நேற்று மத்தியானத்திலிருந்து பேசவில்லை.

முதலில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். போன வாரம்கூட ஒரு மணி நேரம் நின்று திரும்பி வந்தது. ராத்திரி பார்த்தேன், இல்லை. பழைய பெட்டி, சூடு தாங்காமல் நின்றிருக்கும். ஒயரைச் சக்கர நாற்காலி இழுத்திருக்கும். உடற்பயிற்சிப் பெண் கால் தடுக்கியிருக்கலாம். காலையில் பார்த்தேன், அப்போதும் இல்லை. பெட்டி பழுதானால் பரவாயில்லை, நான் வந்து சரி செய்து தருகிறேன். ஸ்க்ரூவை மட்டும் அத்தான் திருகட்டும்.

ஆனால் எனக்கு அந்த மெயின் சுவிட்ச்தான் ஞாபகம் வருகிறது. நீ இருக்கிற வீட்டில் அவர் அதில் கை வைக்க மாட்டார். வீட்டை விட்டு எல்லோரும் கிளம்பினால்தான் அணைப்பார். பதற்றத்தில்கூட மறக்காமல் அணைக்கிற மனுஷன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார். அப்படித்தான் இருக்கும். போயிருந்தால் திரும்பி வருவீர்கள், அவர் சுவிட்சைப் போடுவார், உன் பெட்டி மறுபடி பேசும். நான் இந்தத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அக்கா, அந்தப் பெயர் என்னுடையது. நான்தான் எப்போதும் பின்னால் உட்கார்ந்து வந்தவன். மேட்டில் இறங்காதவன். அதை நீ எடுத்துக்கொண்டது சரியில்லை. எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு. நீ முன்னால் போ, நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

கடைப் போன் அடிக்கிறது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. அத்தான் நம்பர்தான். முதலாளி எடுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எடுக்காத வரைக்கும் நான் உனக்குத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி அடிக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு எடுக்கிறேன்.

உன் பின்சீட்டு